மேடை காட்டிய இருபது கிலோ

1. செவ்வாய்க்கிழமை

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். தீபாவளி முடிந்து இரண்டாம் நாள். விடிவதற்கு முன்பிருந்தே தூறல், காற்று இல்லை. சின்னசேலத்துக்கு வெளியே கள்ளக்குறிச்சி சாலையில் இருக்கும் லாரி எடை மேடையின் அறையைத் திறக்கப் போனேன். அங்கே எடை போட்டு ஸ்லிப் எழுதுவது என் வேலை. கூட்டுறவுச் சங்கத்தில் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தது. அது ஒன்பதாவது வருடம். வயது அறுபத்தேழு.

வாசலில் மேடையின் நாய் டன்னு படுத்திருந்தது. அதைச் சுற்றி நான்கு இடத்தில் நுரை நுரையாக வாந்தி. ஐந்தாவது இடத்தில் கிடந்தது கழிச்சல். அதில் ரத்தம் கலந்திருந்தது. என்னைப் பார்த்து வாலை இரண்டு முறை ஆட்டியது. எழவில்லை.

டன்னு என்று பெயர் வைத்தவர் வெள்ளையன். கரியாலூர்க்காரர். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வரும் மினி லாரி அவருடையது. நாய் குட்டியாக வந்து சேர்ந்த நாளில் அதை மேடை நடுவில் விட்டுவிட்டு, "சாரு, இது எத்தினி டன்னு வருதுன்னு பாத்து ஸ்லிப்பு குடுங்க" என்றார். மேடை பூஜ்யம் காட்டியது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அன்றைக்கும் முதல் வண்டி அவருடையதுதான். கையில் வழக்கமான பன்னோடு இறங்கினார். டன்னு பன்னைப் பார்க்கவே இல்லை.

"இன்னா சாரு, ஏந்துக்கவே மாட்டேங்குது? தீவாளிக்கு எவன் வூட்டுக் கறிய உள்ள தள்ளுச்சு?"

"நான் வச்சது ரெண்டு இட்லி. வேற ஒண்ணும் தெரியாது."

"நீங்க வச்சது ரெண்டு இட்லி. ரோட்டுல வச்சவன்லாம் உங்ககிட்ட ஸ்லிப்பு வாங்கிக்கினா வச்சான்?"

2. டாக்டரிடம் சொன்ன கணக்கு

ஊருக்குள் தனியாகப் பார்க்கும் ஒரு டாக்டரிடம் ஆட்டோவில் கொண்டுபோனேன். இளம் வயது, பொறுமையானவர். என்ன சாப்பிட்டது என்று கேட்டார். இரண்டு நாள் கணக்கையும் சொன்னேன். ஞாயிறு காலை இரண்டு இட்லி, மாலை இரண்டு இட்லி, அரை டம்ளர் பால். திங்கள் அதேதான், பால் மட்டும் இல்லை. தண்ணீர் வைத்த நேரத்தைக்கூடச் சொன்னேன்.

"இவ்வளோ கணக்கா யாரும் சொன்னதில்லீங்க ஐயா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு காய்ச்சல் பார்த்தார். வயிற்றை அழுத்தியபோது டன்னு முனகியது. "கொழுப்புக் கறி தின்னு கெட்டிருக்கலாம். பார்வோ வைரஸா இருக்கலாம், ஊர்ல அஞ்சாறு நாய்க்கு வந்திருக்கு. உங்க பக்கத்துல மக்காச்சோள குடோன் இருக்கு, எலி மருந்து எதுனா தின்னிருக்கவும் வாய்ப்பிருக்கு" என்றார்.

"மூணுல எதுக்கு ஜாஸ்திங்க?"

"இப்ப சொல்ல முடியாதுங்க."

வாந்தி நிற்க ஒரு ஊசி, கிருமிக்கு ஒன்று போட்டார். வலிக்கும் காய்ச்சலுக்குமாக மூன்றாவதை சிரிஞ்சில் ஏற்றும்போது எனக்கு ஒன்று நினைவு வந்தது.

போன புதன்கிழமை ஒரு லாரி பின்னால் எடுத்தபோது டன்னுவின் பின்னங்காலில் உரசிவிட்டது. நொண்டியது. என் முட்டிவலி மாத்திரையைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை. மேடையில் ஏற்றி நிறுத்தினேன். இருபது கிலோ காட்டியது. என் எடை அறுபத்திரண்டு. ஆகவே மாத்திரையில் மூன்றில் ஒரு பங்கு. காலையும் மாலையும் இட்லிக்குள் வைத்து, புதன் முதல் திங்கள் வரை ஆறு நாள், பன்னிரண்டு வேளை, நான்கு மாத்திரை. நொண்டல் நின்றுவிட்டது.

இதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. அவர் கேட்டது வயிற்றை. இது கால் விஷயம். மேடை வேலையில் சேர்ந்த முதல் நாள் முதலாளி சொன்னார்: "ஸ்லிப்புல எத்தினி கட்டம் இருக்குதோ அத்தினிதான். பார்ட்டி கேட்டதுக்கு மேல ஒரு வார்த்த பேசாதீங்க. பேசுனா தகராறு." வண்டி நம்பர், சரக்கு, மொத்த எடை, வண்டி எடை, நிகர எடை. ஐந்து கட்டம். கிழங்கில் மண் ஜாஸ்தியா, சாக்கு நனைந்திருக்கிறதா என்று கண்ணில் பட்டாலும் கேட்காமல் சொன்னதில்லை. அன்றைக்கும் வாய் அப்படியே மூடிக்கொண்டது. டாக்டர் திட்டுவாரோ என்ற பயமும் கொஞ்சம் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஊசி போட்டார்.

3. மேசைத் தராசு

புதன்கிழமை காலை டன்னு எடுத்த வாந்தி காப்பித்தூள் கரைத்த மாதிரி கறுப்பாக இருந்தது. ஆறு முறை. வெள்ளையன் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை வரிசையில் லோடோடு நின்றிருந்தார். போன் செய்ததும் வரிசையை விட்டு வந்தார்.

"கெழங்கு எங்க போவுது, நிக்கட்டும். ஏறுங்க சாரு."

கள்ளக்குறிச்சியில் ஒரு பெண் டாக்டர். வயது ஐம்பது இருக்கும். டன்னுவை மேசைத் தராசில் படுக்க வைத்தார். பதிமூன்று கிலோ நானூறு கிராம்.

"இருபது கிலோ இருந்துச்சுங்க" என்றேன். "போன வாரம் மேடையில போட்டுப் பாத்தேன்."

"எந்த மேடையில?"

"லாரி எட மேடைங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "நாய எதுக்குங்க லாரி மேடையில ஏத்தி எட பாத்தீங்க?"

அப்போதுதான் மாத்திரையைச் சொன்னேன்.

எங்கள் மேடை ஐம்பது டன் தாங்குவது. பத்து பத்து கிலோவாகத்தான் எண் நகரும். இருநூறு கிலோவுக்குக் குறைந்ததை அதில் போடக்கூடாது என்று தகட்டிலேயே பொறித்திருக்கிறது. தினம் காலையில் அந்தத் தகட்டைத் துடைப்பவன் நான்.

"மனுசங்க மாத்திரைய நாய்க்குக் குடுக்கவே கூடாதுங்க ஐயா. மூணுல ஒரு பங்கும் கூடாது, முப்பதுல ஒரு பங்கும் கூடாது. வயித்துக்குள்ள புண்ணாக்கிடும். நேத்துப் பாத்த டாக்டர்கிட்ட இத சொன்னீங்களா?"

"சொல்லலீங்க."

"சொல்லியிருந்தா அந்த வலி ஊசிய போட்டிருக்க மாட்டாரு. ரெண்டும் ஒரே வக மருந்து."

வெளியே வந்ததும் வெள்ளையன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "லோடுல பத்து கிலோ கொறஞ்சா மூணு தபா என்ன ஏத்தி எறக்குவீங்க. இத ஒரு தபா சொல்றதுக்கு இன்னா சாரு கஷ்டம்?"

கொஞ்ச நேரம் கழித்து இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை என் பக்கம் நீட்டினார். "ஆறிடப் போவுது, குடிங்க."

4. மூன்றில் எது

பார்வோ பரிசோதனை இல்லை என்று காட்டியது. அப்பாடா என்று சொல்லவும் வழியில்லை, பார்வோ இருந்தாலே தேவலை என்று ஒரு மூலையில் நினைத்திருந்தேன். ஆனால் டாக்டர், "இல்லன்னு காட்டுனாலும் அடிச்சு சொல்ல முடியாது, சில சமயம் தப்பா காட்டும்" என்றார். குடோன் வாட்ச்மேனிடம் போனில் கேட்டேன். "எலி மருந்து போன மாசம் வச்சோம் சார். எல்லாத்தையும் அள்ளிட்டோம்னுதான் நெனைக்கிறேன்" என்றார். நினைக்கிறாராம்.

"அப்ப மாத்திரைதான்னு சொல்றீங்களா?" என்று டாக்டரைக் கேட்டேன்.

"பெரும்பாலும் இருக்கலாம்."

"பெரும்பாலும்னா எத்தன சதவீதங்க?"

"ஐயா, இது ஸ்லிப்பு போட்டுத் தர்ற விஷயம் இல்ல. இப்ப ரத்தத்த நிறுத்தணும், தண்ணிய ஏத்தணும். அவ்வளவுதான்."

வியாழக்கிழமை சலைன் ஏறியது. நிமிடத்துக்கு இருபத்திரண்டு துளி. மாலை நான்கு மணிக்கு டன்னு தானாகவே தலையைத் தூக்கித் தண்ணீரை ஐந்து முறை நக்கியது. வெள்ளையனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்பிடின்னா பொழச்சிக்கும் சாரு" என்றார். அன்று இரவு சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை டன்னுவின் ஈறு வெள்ளைத் துணி மாதிரி ஆகிவிட்டது. பதினொரு மணிக்கு மேல் மறுபடி சலைன் போட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து துளியை எண்ணிக்கொண்டிருந்தேன். டாக்டர் வந்து கழுத்தில் கை வைத்துப் பார்த்து ஊசியைக் கழற்றினார். மணி பதினொன்று நாற்பது. எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. துளியை எண்ணினேனே தவிர மூச்சை எண்ணவில்லை.

5. எழுதாமல் விட்ட கட்டம்

சனிக்கிழமை முதல் டாக்டரிடம் போய் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். சும்மா இருந்தால் அவர் ஊசியே காரணம் என்று யாராவது பேசுவார்கள். அவர் திட்டவில்லை. "நானும் கேட்டிருக்கணும்" என்றார். இப்போது எந்த நாய் வந்தாலும் மனுச மாத்திரை குடுத்தீங்களா என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாம்; வெள்ளையன் சொன்னார்.

எடை மேடைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் இரண்டு விஷயம் சொல்கிறேன். தகட்டில் உள்ள அளவுக்குக் கீழே மேடை காட்டுவது எண் இல்லை, வெறும் வெளிச்சம். ஸ்லிப்பில் ஐந்து கட்டம் என்பது முதலாளிக்கு. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் ஒருவர் கேட்டால், கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். எது வயிற்றைச் சேர்ந்தது, எது காலைச் சேர்ந்தது என்று பிரிப்பது அவர் வேலை.

வெள்ளிக்கிழமை நடந்ததில் ஒன்று பாக்கி. நானும், போன் செய்ததும் வந்த வெள்ளையனும் டன்னுவைச் சாக்கில் சுற்றும்போது டாக்டர் கேட்டார்: "உறுதியா தெரியணும்னா அறுத்துப் பாக்கலாம். ஐநூறு ரூவா ஆகும். பாக்கட்டுமா?"

வெள்ளையன் என்னையே பார்த்தார். வயிற்றில் புண் இருந்தால் அது நான். வேறு எது இருந்தாலும் நான் இல்லை. ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

"வேணாங்க" என்றேன்.

வெள்ளையன் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார். கரியாலூரில் தன் கொல்லையிலேயே புதைத்துவிடுவதாகச் சொன்னார். நான் கூடப் போகவில்லை. மதியத்துக்கு மேல் மேடையில் ஆள் இல்லை.

அந்த ஐநூறு சேராமல், எனக்கு ஆன செலவு ஏழாயிரத்து அறுபத்தாறு ரூபாய்.