முக்காலி

வண்டியூரிலிருந்து கொண்டுபோய் மதுரை ஆஸ்பத்திரியின் காலரா வார்டில் சேர்த்த என் மகளைக் கவனித்துக்கொண்ட நர்ஸம்மா ஒல்லியானவர். ஓயாமல் கால் மாற்றி நிற்பார். முதல் நாள் அவர் முக்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்ததும், “புள்ள சாகக் கெடக்கா, உனக்கு உக்காரக் கேக்குதோ?” என்று கத்தினேன். அதைக் கேட்ட பெரிய டாக்டர், முக்காலியையே வார்டிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்.

மூன்று நாள் நின்றபடியே என் மகளைப் பிழைக்க வைத்தார் அந்த அம்மா. மன்னிப்புக் கேட்டேன்.

“மன்னிப்ப வச்சு நான் என்னண்ணே செய்ய? கால் இம்புட்டு வீங்கிக் கெடக்கு. அந்த முக்காலிய வாங்கிக் குடுங்க.”

டாக்டரிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

“நர்ஸ் உக்காந்தா கத்துறது நீங்கதானே?” என்றார்.

அவர் பொய் சொல்லியிருந்தால் அங்கேயே ஒரு கை பார்த்திருப்பேன். ஆத்திரத்தோடு மகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினேன். அந்த அம்மா அடுத்த கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார்.