பொட்டு வைத்த இன்ஜின்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ல, ள, ழ மூன்றும் எனக்கு இன்றுவரை குழப்பம்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேற்று எங்கள் பழைய சந்துக்காரர் ஒருவரைத் தகனம் செய்தோம். பேச எழுந்தவர்கள் எல்லாரும் அவர் தங்கமான மனிதர் என்றார்கள். கூட்டத்தில் எனக்கு வாய் திறக்க வராது. அதனால் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்திருந்த காலம். நானும் என் அண்ணனும் குயின் ஸ்ட்ரீட் பக்கத்துச் சந்தில் ஒரு அறையில் இருந்தோம். அண்ணனுக்கு ஒரு கால் சிறு வயதிலேயே சூம்பிவிட்டது. வீடு வீடாகப் போய்த் தையல் மெஷின் பழுதுபார்ப்பது அவர் தொழில். அவரைக் கொண்டுபோனது ஒரு மோட்டார் ஸ்கூட்டர். சண்டைக்கு முன்பே சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையிடம் வாங்கியது.

இன்று ரோட்டில் ஓடும் இத்தாலி ஸ்கூட்டரைப் போல அதை நினைக்கக் கூடாது. முதன்முதலில் வந்த ஸ்கூட்டர்களில் உட்காரவே இடமில்லையாம். நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். அடுத்து வந்தவற்றுக்கு இருக்கை வைத்தார்கள். எங்களுடையது அந்த வகை. சின்னச் சக்கரம், கால் வைக்க ஒரு பலகை, பின் சக்கரத்தின் மேல் மூடாத குட்டி இன்ஜின். காலை மறைக்கும் தகடும் இன்ஜினை மூடும் கூடும் பிற்பாடு வந்தவை. மோட்டார் சைக்கிளில் காலைத் தூக்கிப் போட முடியாத அண்ணனுக்கு இதை விட்டால் வேறு வண்டி இல்லை.

மோட்டார் வண்டிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அண்ணன் இன்ஜினைக் கழற்றிச் சாக்கில் சுற்றி விறகுக்கு அடியில் வைத்தார். வெறும் வண்டியில் உட்கார்ந்து, நல்ல காலால் தரையை உந்தி உந்தி வேலைக்குப் போனார். ஜப்பான்காரர்களின் காவல் சாவடியில் இறங்கிக் குனிந்து வணங்குவார். பிள்ளைகள் விளையாடும் வண்டி என்று சிப்பாய்கள் சிரித்து விட்டுவிடுவார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். சண்டை முடிந்ததும் இன்ஜினை மாட்டி ஓட்டலாம் என்று அண்ணன் பொறுத்துக்கொண்டார்.

ஆயுத பூசை வந்தது. "இந்த வருசம் இன்ஜின வெளிய எடுக்க வேணாம்ணே" என்றேன்.

"ஸ்க்ரூ டிரைவருக்குப் பொட்டு வைப்ப, அது மட்டும் விறகுக்குள்ள கெடக்கணுமா? பூசை பாக்காத சாமான் நாளைக்கு ஓடுமாடா?"

பிரித்துப் போட்ட சாமானுக்குப் பூசை ஆகாது என்று வண்டியில் மாட்டியே வைத்தார்.

பூசை வேளையில் கதவைச் சாத்தும் வழக்கம் எங்களுக்கு இல்லை. வாசலில் வந்து நின்றவரைச் சும்மா அனுப்பவும் மாட்டோம். அப்படித்தான் அந்த ஆள் உள்ளே வந்தார். எங்கள் சந்துக்காரர்களைக் கண்காணிக்க ஜப்பான்காரர்கள் வைத்திருந்த தமிழர். நம் ஆள்தானே என்று அண்ணன் பாய் விரித்தார். அந்த ஆள் விபூதி பூசிக்கொண்டார். இன்ஜினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சுண்டலுக்குக் கடலை கிடைக்காத காலம். மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தேங்காய்ப்பூ தூவி வைத்திருந்தோம். அதை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் சிப்பாய்களோடு வந்தார். பொட்டோடு வண்டியைத் தூக்கி லாரியில் எறிந்தார்கள். ஒரு சிப்பாய் அறைந்த அறையில் அண்ணன் சுவரோடு போய் விழுந்தார். அந்த ஆள் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த ஆள் வீட்டுக்கு நடந்தார்.

"நா சொல்லலேன்னா என் தலை போயிருக்கும்லா தம்பி" என்றார் அந்த ஆள்.

"பயந்து சொன்னீங்க, சரிண்ணே. சொல்றதுன்னு முடிவு பண்ணிட்ட பெறகுமா மறுபடி கெழங்கு கேட்டீங்க?" என்றார் அண்ணன்.

அந்த ஆள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கு யார் வருவார்கள்? அண்ணனின் தொழில் அதோடு போனது. பாசார் வாசலில் ஊசியும் பட்டனும் விற்றார். சண்டை முடிந்து, புது ஸ்கூட்டர்கள் ஊருக்குள் வந்த பிறகு, என் சம்பளத்தில் அவருக்கு ஒன்று எடுக்கலாம் என்றேன்.

"எடுத்தா பூசை போடணும்லா" என்றார்.

கடைசிவரை எடுக்க விடவில்லை. அப்படியே போய்ச் சேர்ந்தார். நேற்றுத் தங்கமான மனிதர் என்று எல்லாரும் சொன்னது அந்த ஆளைத்தான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

14 மார்ச் 1963, வியாழக்கிழமை.