கைறுன்னிஸா ராத்தா என்ன சொன்னா?

புதிய ஹாட் டிஸ்க் ஒன்று கைக்கு வந்ததும் கைறுன்னிஸா முதலில் அதை மோந்து பார்ப்பார். பிறகு காதோடு வைத்து ஒரு குலுக்கு. பிறகு உள்ளங்கையில் வைத்து, மீன்காரரின் தராசை நம்பாதவர் போல மேலும் கீழும் அசைத்து எடை பார்ப்பார். உள்ளே சுழலும் தட்டே இல்லாத இந்தக் காலத்து டிஸ்க்கில் குலுக்கிக் கேட்க என்ன இருக்கிறது என்று, ஏறாவூரில் கணினிக் கடை வைத்திருக்கும் பஹ்மி பலமுறை எடுத்துச் சொல்லிவிட்டார். "ஒண்டும் கேக்கப்படாதுதானே தம்பி. அது கேக்குதா இல்லயா எண்டுதான் பாக்கிறன்" என்பார் கைறுன்னிஸா.

மோந்து பார்ப்பதற்கும் அவரிடம் காரணம் உண்டு. வாவியோரத்துக் கடைகளில் நாட்பட்டுக் கிடந்த சாமானில் ஈர வாடை ஏறியிருக்குமாம். பெட்டி ஒட்டியபடியே இருந்தாலும் ஏறுமாம். பஹ்மி ஒருநாள் தானும் மோந்து பார்த்தார். அவருக்குப் பிளாஸ்டிக் வாடைதான் வந்தது.

ஐம்பதை நெருங்கும் கைறுன்னிஸா பெண்கள் பக்கத்து வீடியோக்காரர். ஏறாவூர், ஓட்டமாவடி, காத்தான்குடி என்று அந்தக் கிழக்கிலங்கை ஊர்கள் எங்கும் கல்யாண வீடுகளில் ஆண்கள் பக்கம் படமெடுக்க ஆள் தாராளமாகக் கிடைக்கும். பெண்கள் முக்காட்டை இறக்கிவிட்டு, சோடித்து, சிரித்துக்கொண்டிருக்கும் உள்வீட்டுக்குள் அந்த ஆட்கள் வர முடியாது. அங்கே கைறுன்னிஸாதான் வர வேண்டும். கறுப்பு அபாயாவுக்குக் குறுக்கே கமராப் பட்டி, ஸ்கூட்டியின் பின்னால் நட்டுக்குத்தாகக் கட்டிய ஸ்டாண்ட் என்று அவர் தெருவில் போனால், இன்றைக்கு யார் வீட்டுக் கல்யாணம் என்று ஊர் பேச ஆரம்பித்துவிடும்.

தொழிலில் அவருக்கு ஒரு கண்டிப்பு. எடுத்த படம் அந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. படங்களெல்லாம் வீட்டாரின் ஹாட் டிஸ்க்கில் இருக்கும். கைறுன்னிஸா லெப்டொப்போடு மணமகள் வீட்டுக்கு வந்து, உள்ளறையில் உட்கார்ந்து, வெட்டுவதையும் ஒட்டுவதையும் நாட்கணக்கில் அங்கேயே செய்வார். முடிந்ததும் டிஸ்க்கை மணமகளின் உம்மாவிடம் கொடுத்து, தன்னுடைய மெமரி கார்டுகளை அவர் கண்முன்னே அழித்துக் காட்டிவிட்டுத்தான் செருப்பைப் போடுவார். இணையத்தில் ஏற்றி வைக்கலாமே என்று யாராவது படித்த பிள்ளை யோசனை சொன்னால், "ஆகாயத்தில கொண்டுபோய் வெச்சா ஆர் ஆர் பாப்பாங்க எண்டு எனக்குத் தெரியுமா? டிஸ்க் எண்டா அலுமாரிக்குள்ள வெச்சுப் பூட்டலாம்" என்று பேச்சை முடித்துவிடுவார்.

இந்த ஏற்பாட்டில் அவருக்கு ஓர் அனுகூலமும் இருக்கிறது. வேலை முடியும்வரை மூன்று வேளையும் கல்யாண வீட்டுச் சாப்பாடு. டிஸ்க் மெதுவாக ஓடினால் வேலை இழுபடும். வேலை இழுபட்டால் இன்னொரு நாள் தேங்காய்ப்பால் வட்டிலப்பம். அப்படியிருக்க இந்த மனுசி வேகமான டிஸ்க்காகத் தேடி அலைவது தன் வயிற்றுக்கே செய்யும் துரோகம் என்று பஹ்மி சீண்டுவார். கைறுன்னிஸா அசைந்து கொடுப்பதில்லை. "எனக்கென்ன, இருக்கச் சொன்னா இருப்பன். பொண்ணுட உம்மாதான் பாவம், ஆக்கி ஆக்கியே களைச்சுப் போவா."

எந்தப் புது டிஸ்க் வந்தாலும் பஹ்மி முதலில் அதை அவரிடம்தான் பார்க்கக் கொடுப்பார். அன்பினால் மட்டுமல்ல. அக்கா முறையில் அவரை ராத்தா என்று கூப்பிடும், அந்தப் பக்கத்தில் கமரா தூக்குகிற அத்தனை பேரும், ஆண்களும்தான், "ராத்தா என்ன சொன்னா?" என்று கேட்காமல் எதையும் வாங்குவதில்லை. பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகத்தை ராத்தா வாசிப்பதே கிடையாது. "விக்கிறவன் குறைச்சா எழுதுவான்?" என்று பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, வயரில் தொங்கவிட்டு ஆட்டிப் பார்ப்பார், கழன்று விழுகிறதா என்று. கைப்பைக்குள் சாவிக்கொத்தோடும் சீப்போடும் போட்டுக் கொண்டு திரிவார். மேசையிலிருந்து தெரியாத்தனமாகத் தட்டிவிடுவார். அந்தத் தெரியாத்தனம் எப்போதும் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுப்பதற்கு முதல்நாள்தான் நடக்கும்.

அவரிடம் ஆகக் கெட்ட பெயர் வாங்குவது, தொடங்கும்போது பறந்துவிட்டுப் பாதிவழியில் படுத்துக்கொள்ளும் டிஸ்க்தான். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் புது மாப்பிள்ளை. கிழக்கில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். வந்த புதிதில் கிணற்றில் தண்ணீர் அள்ளுவார், கேட்காமலே கடைக்குப் போவார். ஒரு மாதம் போனால் பாயில் படுத்தபடி தேத்தண்ணி கேட்பார். "முதல்ல ஓடுறதப் பாத்து மயங்கப்படாது தம்பி. மறுகா என்ன செய்யுது எண்டு பாக்கணும்" என்று பஹ்மிக்குச் சொல்லுவார். அதே ஊரில் மாப்பிள்ளையாக இருந்துவரும் பஹ்மி இந்த இடம் வந்தால் மட்டும் பில் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கிவிடுவார்.

சென்ற மாதம் பஹ்மி கொடுத்த டிஸ்க் ஒரு சோப்புக்கட்டி அளவுதான். கறுப்பு, ஓரத்தில் நீலமாக மினுங்கும் ஒரு சின்ன வெளிச்சம். மோப்பத்தில் தேறியது. குலுக்கலில் தேறியது. மேசையிலிருந்து விழுந்தும் தேறியது. இனி ஒரு கல்யாண வீட்டில்தான் பார்க்க வேண்டும் என்று இருந்தபோது, ஓட்டமாவடியில் நபீஸா என்பவரின் மகள் ஸஹ்ராவின் கல்யாணம் வந்தது.

ஸஹ்ராவின் வாப்பா ஹமீடுக்குக் கட்டாரில் வேலை. லீவு கிடைக்கவில்லை. ஒரே மகளின் கல்யாணத்தைப் பார்க்காமல் அங்கேயே நின்றுவிட்டார். நபீஸாவின் தம்பி மர்சூக்குக்கும் அதே இடத்தில்தான் வேலை. கல்யாணத்தன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அவர் விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். அவர் கையில் மகளின் படத்தைக் கொடுத்தனுப்பிவிட வேண்டும் என்பது நபீஸாவின் தவிப்பு. "போனில காட்டினா புள்ளட முகம் கட்டம் கட்டமா உடையுது ராத்தா. அவர் பெரிசா வெச்சுப் பாக்கணும். பக்கத்தில நிண்டு பாக்கிற மாதிரி."

அதிலும் ஒரு சிக்கல். உள்வீட்டுக்கு வந்த மற்றப் பெண்களின் முகம் ஹமீடுக்கும் காட்டக் கூடாதது. ஆகவே கைறுன்னிஸா மருதாணி நாளிலிருந்தே ஸஹ்ராவைத் தனியாகவும், உம்மாவோடும் எடுத்துச் சேர்த்தார். அதற்கு அவர் வைத்த பெயர் வாப்பாட பங்கு. கல்யாணத்தன்று ஸஹ்ரா கமராவுக்கு நேரே வந்து நின்று, வாப்பா எதிரில் இருப்பது போல அவரோடு கதைத்ததும் அதில் சேர்ந்தது. அதை எடுக்கும்போது ராத்தாவுக்குக் கமராவின் சின்னத் திரை இரண்டு தடவை மங்கியது. கண்ணாடியில் புழுதி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

ஸஹ்ரா உடுப்பு மாற்றுவதில் நேரம் போய்விட்டது. எல்லாவற்றையும் லெப்டொப்பில் பிரித்து எடுத்து, சின்ன டிஸ்க்கைச் சொருகியபோது மர்சூக்கின் வாகனம் வாசலில் வந்து நின்றுவிட்டது. டிஸ்க் பறந்தது. திரையில் பச்சைக் கோடு ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ராத்தாவுக்கே ஒரு பெருமை. லெப்டொப்பைக் கட்டிலில் அப்படியே விட்டுவிட்டு, பக்கத்து அறையில் சகன் என்ற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களோடு இரண்டு வாய் சாப்பிடப் போனார். இரண்டு வாய் என்றுதான் போனார்.

திரும்பி வந்து பார்த்தால் கோடு பாதியில் நிற்கிறது. மீதி நேரம் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போகிறது. வெளியே ஹோர்ன் அடித்தது. கதவுக்கு அப்பால் இருந்து மர்சூக், "ராத்தா, ப்ளேன் எனக்காக நிக்காது" என்றார்.

"ப்ளேன் நிக்காட்டி நீங்க நில்லுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு ராத்தா போனை எடுத்துப் பஹ்மியைப் பிடித்தார். "நல்ல சாமான் தந்தீங்க. புது மாப்பிள்ள. கவுண்டு படுத்துட்டார். இந்தப் புள்ளட வாப்பாக்கு நான் என்ன பதில் சொல்றது?"

பஹ்மி பதறவில்லை. "சுடுதா எண்டு தொட்டுப் பாருங்க ராத்தா."

தொட்டுப் பார்க்க டிஸ்க்கைத் தேடினால் வைத்த இடத்தில் இல்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனார். வயர் ஒரு வெல்வெட் தலையணைக்குள் போனது. தலையணையைத் தூக்கினால் கீழே நாலாக மடித்த சால்வை. சால்வைக்குள் டிஸ்க், அடுப்பிலிருந்து இறக்கிய அப்பச்சட்டி மாதிரி.

"ஆரு இத மூடின?"

மணமகளின் மாமி ஒருவர் தயங்காமல் முன்னுக்கு வந்தார். "நான்தான் புள்ள. அது நீலக் கண்ணச் சிமிட்டிச் சிமிட்டி எங்களயே பாத்துக்கொண்டு கிடந்திச்சி. நாங்க முக்காடு இல்லாம இருக்கம். கமரா மாதிரி எதக் கண்டாலும் மூடுங்க எண்டு காலையில நீங்கதானே செல்லிட்டுத் திரிஞ்சீங்க."

உண்மைதான். யாராவது போனில் படம் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில், காலையில் இருந்து வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்தக் கட்டளையைப் போட்டவர் கைறுன்னிஸாவேதான். சால்வையை உதறி டிஸ்க்கை வெளியே எடுத்தார். "நல்ல வேலதான் செஞ்சீங்க மாமி" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளித்தட்டு ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் டிஸ்க்கை வைத்தார்கள். மேசை விசிறியை இழுத்து வந்து நேரே திருப்பினார்கள். அது போதாதென்று நான்கு பெண்கள் கல்யாணக் கார்டுகளால் விசிறினார்கள். குற்ற உணர்ச்சி தாங்காத மாமி ஈரத் துணி கொண்டுவந்தார். அவரைக் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியதாயிற்று. கோடு மெல்ல அசைந்தது, நகர்ந்தது, ஓடியது.

முடிந்ததும் மர்சூக் கையை நீட்டினார். ராத்தா கொடுக்கவில்லை. தொடக்கத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் என்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதவிடுக்கால் நீட்டினார். "பேக்குக்குள்ள அமத்தி வெக்காதீங்க. சட்டப் பையில வைங்க, காத்துப் படட்டும்" என்று வாகனம் கிளம்பும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் அவருக்குப் பிடித்தது பயம். தொடக்கமும் நடுவும் கடைசியும் பார்த்தாயிற்று. சூட்டில் கிடந்தபோது ஏறிய பகுதி அவற்றுக்கு இடையில் எங்கேயோ இருக்கிறது. அதில் படம் உறைந்துபோயிருந்தால்? ஸஹ்ரா வாப்பாவோடு கதைத்த துண்டு அந்த இடத்தில் இருந்தால்? மறுநாள் வழக்கம்போல நபீஸா வீட்டு உள்ளறையில் வந்து உட்கார்ந்தார். வீட்டாரின் பழைய ஹாட் டிஸ்க்கைச் சொருகினார். மேசை விசிறியை டிஸ்க்குக்கு நேரே திருப்பி, அதைத் தொட ஒருவரையும் விடவில்லை. மாமிக்கு வியர்த்து வழிந்தது. அவரையும் விடவில்லை. நபீஸா கொண்டுவந்து வைத்த வட்டிலப்பம் தொடாமல் கிடந்தது. அதைக் கண்டுதான் நபீஸாவுக்கே பயம் வந்தது.

பஹ்மி தகவல் கேட்டு அழைத்தார். "என்ன ராத்தா, நல்ல சாமானா, இல்லயா? கடைக்கு எடுக்கவா?"

"இப்ப செல்லேலா தம்பி" என்று வைத்துவிட்டார். இப்போது சொல்ல முடியாது என்று ஒரு பதிலை அவர் வாயிலிருந்து பஹ்மி அதுவரை கேட்டதில்லை.

அதற்கு அடுத்த நாள் பகலில், நபீஸா போனைக் கையில் பிடித்தபடி அடுக்களையிலிருந்து உள்ளறைக்கு வந்தார். முகம் குழம்பியிருந்தது. "இஞ்ச பாருங்க ராத்தா, கட்டாரில இருந்து அவர்தான் போன் எடுத்த. எடுத்துப்போட்டு ஒண்டும் கதைக்கிறார் இல்ல. போன் பழுதா எண்டு பாருங்க."

கைறுன்னிஸா வாங்கிக் காதில் வைத்தார். போன் பழுதில்லை. தூரத்தில், திரையொன்றிலிருந்து, ஸஹ்ராவின் குரல் வந்துகொண்டிருந்தது. "வாப்பா, இந்த உடுப்பு நல்லா இருக்கா? நிறம் கூடிப்போச்சு எண்டு உம்மா செல்றா. நீங்க பாத்துட்டுச் செல்லுங்க."

ராத்தா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, எங்கேயாவது இழுபடுகிறதா, திக்குகிறதா என்று கேட்டார். இழுபடவில்லை. ஒரு சொல்லும் உடையாமல் கடைசிவரை ஓடியது. பிறகு அதே துண்டு முதலிலிருந்து தொடங்கியது. அது முடிந்ததும் இன்னொரு தடவை. இந்தத் தடவை ஸஹ்ரா கேட்டு முடித்த இடத்தில் ஒரு கனத்த ஆண்குரல் திரையைப் பார்த்து, "நல்லா இருக்கு மகள்" என்றது. அதற்கு மேலும் ஏதோ சொன்னது. விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை.

கைறுன்னிஸா போனை நபீஸாவின் காதோடு வைத்துப் பிடித்தார். மற்றக் கையை நீட்டி விசிறியை நிறுத்தினார்.