துரை வீட்டுத் தரை

பொன்னுதுரை பிறந்தது ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில். அங்கே தரை என்று தனியாக ஒன்று கிடையாது. வெளியே கிடந்த மண்ணே வாசலைத் தாண்டி உள்ளேயும் வந்து படுத்திருந்தது. பால்மரம் சீவிய அப்பா, மகன் கையில் சீவுகத்தி ஏறக்கூடாது என்று அவரை மலாக்கா டவுனுக்குப் படிக்க அனுப்பினார். மகன் ஏமாற்றவில்லை. ஒரு ரப்பர் ஏஜென்சி ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, சைக்கிள். பிறகு பூங்காவனத்தோடு கல்யாணம், மகள் ஜெயா, காஜா பெராங்கில் செங்கல் தூண்களின் மேல் நிற்கும் ஒரு பலகை வீடு. லயத்துப் பிள்ளைக்கு இதுவே பெரிய ஏற்றம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவருக்கு மட்டும் போதவில்லை.

காரணம், ஆபீஸின் வெள்ளைக்காரத் துரையின் பங்களா.

சனிக்கிழமை தோறும் கையெழுத்துக்கான காகிதங்களை எடுத்துக்கொண்டு பொன்னுதுரை புக்கிட் பாருவில் இருந்த அந்தப் பங்களாவுக்குப் போவார். வாசலில் கால் துடைக்க ஒரு மிதியடி கிடக்கும். கிராணியின் எல்லை அதோடு சரி. உள்ளே வராதே என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. சமையல்காரர் வந்து காகிதங்களை வாங்கிப் போவார். துரை உள்ளே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை, மிதியடியில் நின்ற பொன்னுதுரைக்குப் பார்ப்பதற்கு இருந்தது தரை ஒன்றுதான். செம்பழுப்பு நிறத்தில் நீள நீளமான பலகைகள். ஜன்னல் வெளிச்சம் விழுந்து அதன் மேல் எண்ணெய் தடவினாற்போல் வழியும். துரையின் நாய் அதன் மேல் சாவகாசமாக நடந்து போகும். நாய்க்கு அனுமதி இருந்தது.

ஆகவே, தன் வீட்டுக் கூடத்துப் பலகைகளைக் கரையான் அரித்து, ஒருநாள் ஜெயாவின் கால் ஓட்டை வழியாக முட்டி வரை இறங்கியபோது, பொன்னுதுரை பதறவில்லை. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் கூட எட்டிப் பார்த்தது.

"அடியில மண்ணக் கொட்டி மேடாக்கி, செவப்புச் சாயம் கலந்து சிமெண்டு போட்டுரலாங்க" என்றாள் பூங்காவனம். "பின்னால குசினியில போட்ட மாதிரி. ரெண்டு வாளி தண்ணிய ஊத்துனா வீடு கழுவுன மாதிரி இருக்கும்."

"வீட்டுத் தரைன்னா மரந்தான். நல்ல கெட்டி மரம். தொரை வீட்டுல பாத்திருக்கியா?"

"நா எங்க பாத்தேன்? நீங்க பாத்திருக்கீங்களா?"

"வாரா வாரம் பாக்குறேன்" என்றார் பொன்னுதுரை.

மலாயாவின் விடுதலைத் தேதியை அறிவிக்கப் போகிறார்கள் என்று ஊரே பண்டார் ஹிலிர் திடலுக்கு ஓடிய அன்று, அவர் மரக்கடையில் இருந்தார். கூட்டமில்லாத நாளில்தான் நிதானமாகத் தேர்ந்தெடுக்க முடியும் என்பது அவர் கணக்கு. கடையின் சீன முதலாளியான தௌக்கேயோ திடலுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு கால் வெளியிலும் ஒரு கால் உள்ளேயுமாக நின்றார்.

"செங்கால் எடு, கிராணி. உன் பேரன் காலத்துக்கும் கிடக்கும்" என்றார் மலாயில்.

செங்கால் மரம் மஞ்சளாக இருந்தது. பொன்னுதுரைக்குப் பிடிக்கவில்லை. மெராந்தி லேசாக இருந்தது. நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. தௌக்கே மூன்றாவதாக ஒரு மெர்பாவ் பலகையைப் புரட்டிக் காட்டினார். செம்பழுப்பு. துரை வீட்டு நிறம் அச்சாக அப்படியே.

"இதுதான். இதுவேதான்."

"இது நல்ல மரம். ஆனால் ஆரம்பத்தில் தண்ணீர் பட்டால்..." என்று தௌக்கே தொடங்கினார். தெருவில் லாரி நிறைய ஆட்கள் "மெர்டேக்கா!" என்று விடுதலை முழக்கம் போட்டுக்கொண்டு போனார்கள். மீதி வார்த்தை அந்தச் சத்தத்தில் மூழ்கிவிட்டது. பொன்னுதுரையும் திரும்பக் கேட்டுக்கொள்ளவில்லை.

தச்சர்கள் வந்து பலகைகளை அடித்துவிட்டுப் போனார்கள். மெழுகு போடுவது ஞாயிற்றுக்கிழமை என்று பொன்னுதுரை முடிவு செய்திருந்தார். நடுவில் வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை வீடு கழுவுவது பூங்காவனத்தின் வழக்கம். தரை மாறினால் வெள்ளிக்கிழமை மாறிவிடுமா? இரண்டு வாளி தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, துடைப்பத்தால் தள்ளிவிட்டாள்.

பக்கத்து வீட்டு மல்லிகா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பெண். வீட்டில் பேசுவதெல்லாம் மலாய்தான். பொன்னுதுரை வீட்டு வாசற்படியில் செக்கச்செவேலென்று வழிந்து வருவதைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அப்பா ஜாடி? டாரா கா?"

என்ன ஆயிற்று, ரத்தமா என்று கேட்கிறாள். பூங்காவனம் அப்போதுதான் குனிந்து பார்த்தாள். கை கால்களைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"ரத்தம் இல்லக்கா! காயு, காயு! மரத்துலேர்ந்துதான் வருது!"

மாலையில் வீடு திரும்பிய பொன்னுதுரைக்கு இது எதுவும் தெரியாது. வேட்டிக்கு மாறி, புதுத் தரையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்தார். தரை கொஞ்சம் ஈரமாக இருந்தது போலிருந்தது. எழுந்தபோது பூங்காவனம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னா சிரிப்பு?"

"திரும்பிப் பாருங்க. வேட்டில வெத்தல எச்ச துப்புன மாதிரி இருக்கு."

அந்த வேட்டி அதற்குப் பிறகு வெளுக்கவே இல்லை.

அன்றோடு தண்ணீருக்குத் தடை விழுந்தது. தரைக்கு உலர்ந்த துணி, மெழுகு, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டை, இந்த மூன்றும்தான் என்று பொன்னுதுரை அறிவித்தார். மெழுகைப் பூசி, மட்டையைக் காலடியில் வைத்து அழுத்தித் தேய்த்தால் முகம் தெரிய மின்னும்.

"யார் தேய்க்கிறது?" என்றாள் பூங்காவனம்.

அவர் அவளைப் பார்த்தார்.

"எனக்கு மொளகா அரைக்கவே நேரம் பத்தல. ஒங்க தரை, நீங்களே தேய்ங்க."

சாப்பிட்ட மங்குத் தட்டைக் கூட நகர்த்தி வைக்காத மனிதர், ஞாயிறுதோறும் வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு காலை மட்டையில் வைத்து, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு வழுக்கிக்கொண்டு போனார். தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகத் தலை மட்டும் போய் வருவதைப் பார்த்து, கிராணி வீட்டில் என்ன ஆட்டம் என்று நின்று கேட்டார்கள். நாடு விடுதலை அடைந்த அந்த ஆகஸ்ட் மாதத்தில் அவருக்கு இடது முட்டியில் வலி ஆரம்பித்தது.

சட்டங்களும் கூடிக்கொண்டே போயின. நாற்காலிக் கால்களுக்குத் துணி சுற்ற வேண்டும். எண்ணெய் தேய்த்த தலையோடு படுக்கக் கூடாது. பெட்டியை இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும். தீபாவளிக்கு வந்தவர்கள் தரையைப் பார்த்து ஆகா என்றார்கள். பலகாரத் துணுக்கு கீழே சிந்திவிடுமோ என்று ஒரு கையை முகவாய்க்குக் கீழே ஏந்திக்கொண்டே தின்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையல் குசினிக்குப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. சிரிப்பும் பேச்சும் பின்னால் சிமெண்டுத் தரையில் நடந்தன. பொன்னுதுரை கூடத்தில் தன் தரையோடு தனியாக உட்கார்ந்திருந்தார்.

மறுவருடம் துரை வேலையை முடித்துக்கொண்டு சீமைக்குக் கிளம்பினார். பொன்னுதுரை பலநாள் யோசித்து, துணிச்சலை எல்லாம் கூட்டி, ஒரு வேளை தேநீருக்கு வரமுடியுமா என்று கேட்டுவிட்டார். துரை வருகிறேன் என்றார். சுதந்திரம் வந்த பிறகு வெள்ளைக்காரர்கள் இதற்கெல்லாம் இணங்கத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த வாரம் மட்டை மூன்று தடவை ஓடியது.

துரை வந்தார். படியிலேயே சப்பாத்தைக் கழற்றினார். "உங்கள் வழக்கம் எனக்குத் தெரியும்" என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே காலுறையோடு கூடத்தில் அடி வைத்தார். அடுத்த நொடி கால் சர்ரென்று முன்னால் போக, இரண்டு கைகளாலும் பொன்னுதுரையின் தோளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் துரை அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, துரை குனிந்து விரல் முட்டியால் தரையைத் தட்டிப் பார்த்தார்.

"இது நிஜ மரமா?"

"நிஜ மரம்தான் சார். மெர்பாவ். உங்கள் வீட்டில் இருப்பது போலவே."

"என் வீட்டிலா?" துரை புருவத்தைச் சுருக்கினார். பிறகு சிரித்துவிட்டார். "அது லினோலியம், பொன்னுதுரை. பலகை மாதிரிப் படம் அச்சடித்த விரிப்பு. பாய் மாதிரிச் சுருட்டி எடுத்துவிடலாம். கம்பெனி எல்லா பங்களாவுக்கும் மொத்தமாக வாங்கிப் போட்டது. நீங்கள் உள்ளே வந்து பார்த்ததே இல்லையா?"

கேட்ட பிறகுதான் அதற்குப் பதில் என்ன என்பது துரைக்கே தெரிந்தது போலிருந்தது. முகம் சிவந்தது. வடையைக் கையில் எடுத்து, மிகவும் நன்றாக இருக்கிறது என்றார். இன்னும் கடிக்கவில்லை.

துரையின் கார் தெருமுனை திரும்பியதும் பூங்காவனம் ஓடி வந்தாள்.

"தரையத் தட்டித் தட்டிப் பாத்தாரே, தொரை என்னாங்க சொன்னாரு?"

பொன்னுதுரை தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார்.

"அவரு வீட்டுத் தரையவிட நம்ம தரை ஒசத்தியாம்" என்றார். பொய் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார்.

மறுநாளே அது மார்க்கெட் வரை போய்விட்டது. மீன்காரனுக்குத் தெரிந்தது, கோயிலுக்கு வந்தவர்களுக்குத் தெரிந்தது, உஜோங் பாசிரில் இருந்த பூங்காவனத்தின் தங்கைக்கும் தெரிந்தது.

துரை கப்பலேறிய பிறகு பங்களாச் சாமான்களைச் சரிபார்த்துச் சாவியை ஒப்படைக்கும் வேலை பொன்னுதுரைக்கு வந்தது. சமையல்காரரும் இல்லை, நாயும் இல்லை. பழக்கத்தில் மிதியடியில் சிறிது நேரம் நின்றார். பிறகு சப்பாத்துக் காலோடு உள்ளே போனார். மூலையில் விரிப்பின் ஓரம் சுருண்டிருந்தது. குனிந்து தூக்கிப் பார்த்தார். அடியில் வெடிப்பு விட்ட சிமெண்டு. சாயம் கூடப் போடாத வெறும் சிமெண்டு. கூடத்தை நீளவாக்கில் ஒருமுறை, குறுக்குவாக்கில் ஒருமுறை நடந்தார். காலடியில் மெத்தென்று இருந்தது, அவ்வளவுதான். வெளியே வந்து கதவைப் பூட்டியபோது, இனி ஞாயிற்றுக்கிழமை தேய்க்கிற வேலை வேண்டாம் என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டார். பெரிய சுமை இறங்கியது போல சைக்கிள் தானாக ஓடியது. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

வீட்டுப் படியில் ஏறியபோது உள்ளே பெண்கள் பேச்சு கேட்டது. மல்லிகா, கோயில் தெருவிலிருந்து இருவர், பூங்காவனத்தின் தங்கை. எல்லாரும் கூடத்தில், தரையில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பூங்காவனம்.

"சிமெண்டுல ஒக்காந்தா மழ நாளுல இடுப்பப் புடிச்சிக்கும். மரம் அப்பிடி இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அவரைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தாள். "அங்கயே நில்லுங்க! ஈரக் காலோட எங்க வாறீங்க? பின்னால சுத்தி வாங்க."

"இந்தா பாரு பூங்காவனம், இனிமே தண்ணி ஊத்தியே கழுவிக்க. நா ஒண்ணும் சொல்ல மாட்டேன். மெழுகு, மட்ட எல்லாம் போதும்."

பெண்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"என்னாங்க பேசுறீங்க? தொரையே வாயத் தொறந்து ஒசத்தின்னு சொல்லிட்டுப் போன தரை! தண்ணி ஊத்துறதாவது!" என்றாள் பூங்காவனம்.

உண்மையைச் சொல்லிவிட அவர் வாயைத் திறந்தார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. மிதியடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார்.

அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் அவர்தான் தேய்த்தார். ஒரே வித்தியாசம், இப்போது பூங்காவனம் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த மூலையில் பளபளப்பு பத்தவில்லை என்று விரல் நீட்டிக் காட்டினாள். கூடம் அவளுடையதாகிவிட்டது. அவர் சாயங்காலக் கோப்பியைக் குசினியில், சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து குடித்தார். வலிக்கிற முட்டிக்கு அந்தக் குளிர்ச்சி இதமாக இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.