மைனஸ் பன்னிரண்டு டிகிரியும் என் வயிற்றெரிச்சலும்

சென்னையில் ஏது குளிர் என்று சிரிப்பவர்களை, மார்கழி முடிகிற நாளில் காலை ஏழு மணிக்கு அகரம்தென் ஏரிக்கரையில் ஒரு பைக்கில் உட்கார வைக்க வேண்டும். போன வாரம் போகியன்று நான் உட்கார்ந்திருந்தேன். என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது ஆபீஸ் அவசரம் அல்ல... பொறாமை.

ஆமாம், சாட்சாத் பொறாமைதான். வாரா வாரம் படிக்கிற உங்களிடம் என்ன மறைப்பது?

சேலையூரில் எங்கள் எதிர் வீட்டுக்காரர் ஜெபசிங். நாற்பத்தைந்து வயது. சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. போன குளிர்காலத்தில் இமயமலையில் ஸ்பிட்டி என்ற இடத்துக்குப் பைக்கிலேயே போய்விட்டு வந்தார். புத்தாண்டு அன்று அசோசியேஷன் ஹாலில் திரை கட்டிப் படம் காட்டினார். மைனஸ் பன்னிரண்டு டிகிரி! மீசையில் பனி உறைந்து நிற்கிறது. ஹாலே 'ஓ' என்றது. என் மனைவி முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். என் மகள் ஹரிணி, கடைசி வருட இன்ஜினியரிங், "அங்கிள், செம!" என்று எழுந்தே நின்றுவிட்டாள்.

நானும் இருபத்தாறு வருடமாகத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்கு ஒரு நூறு சிசி பைக்கில் போய் வருகிறேன். மார்கழிப் பனி, ஐப்பசி மழை, முடிச்சூரில் முழங்கால் தண்ணீர்... எல்லாம் பார்த்தாயிற்று. எவராவது ஒரு சால்வை போர்த்தியதுண்டா? மூக்கு ஒழுக வீடு வந்தால், "காலைக் கழுவிட்டு உள்ள வாங்க" என்பதோடு சரி.

குளிருக்கு என் ஏற்பாடு எளிமையானது. நேற்றைய பேப்பரை நாலாக மடித்துச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்வேன். காற்று உள்ளே வராது. ஜெபசிங்கிடம் இருப்பதோ பைக் பேட்டரியில் ஒயரைச் சொருகினால் சூடாகும் ஜாக்கெட்! அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போகிக்கு முதல் நாள் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் ஒரு மெசேஜ் போட்டார். 'டயர், பிளாஸ்டிக் எரிக்காதீங்க ப்ளீஸ். பனியோட புகை சேர்ந்தா ரோடு தெரியாது.' நியாயமான பேச்சு. வேறு யார் போட்டிருந்தாலும் நானே கட்டைவிரலை உயர்த்தியிருப்பேன். ஆனால் போட்டது ஜெபசிங். அதற்கு என் மனைவி சிவப்பு இதயம் வேறு அனுப்பியிருந்தாள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். கிழிந்த பாய், ஒடிந்த ஸ்டூல் - இவற்றோடு என் பைக்கின் பழைய டயர் இரண்டையும் வாசலில் போட்டுக் கொளுத்தினேன். இவர் யார் எனக்குச் சொல்ல? கரும்புகை எதிர் பால்கனி வரை எழும்பியது. திருப்தியாக ஒரு காபி குடித்தேன்.

ஆறு மணிக்கு ஹரிணி தயாராக வந்து நின்றாள். எட்டரை மணிக்குச் சிறுசேரியில் இன்டர்வியூ, அதுவும் கடைசிச் சுற்று. இதற்கு முன் இரண்டு கம்பெனிகளில் இந்தக் கட்டம் வரை போய்த் திரும்பியவள். இதை விட்டால் படிப்பு முடிகிற வரை வேறு நல்ல கம்பெனி வருமா என்பதே சந்தேகம். கேப் புக் செய்தாள். கேன்சல். இன்னொன்று. அதுவும் கேன்சல். மூன்றாவது டிரைவர் போனிலேயே கையெடுத்துக் கும்பிட்டார்: "மேடம், முன்னாடி போற வண்டியே தெரில. ரோடு எங்க கீதுன்னே தெரில. பேஜாரா கீது, நான் வரல."

ஜன்னலைத் திறந்தேன். தெருவைக் காணோம். ரப்பர் நாற்றம் மட்டும் வந்தது. என் டயர்கள்தான்.

"கிளம்பும்மா, நான் டிராப் பண்றேன்" என்றேன்.

ஹரிணி தயங்கினாள். "அப்பா, தப்பா எடுத்துக்காத. ஜெபா அங்கிள்கிட்ட கேக்கட்டுமா? அவரும் சிறுசேரிதான் போறாரு. ஸ்னோலயே ஓட்டினவரு. உன் வண்டி லைட்டு மெழுகுவத்தி மாதிரிதான் எரியும்..."

வலித்தது. எல்கேஜி முதல் அந்த வண்டியில்தான் அவளைச் சுமந்திருக்கிறேன். என் முதுகில் சாய்ந்து தூங்கியபடி டியூஷன் போனவள். முக்கியமான நாள் என்று ஒன்று வந்தால் மட்டும் எதிர் வீட்டு வண்டியா?

ஜெபசிங் உடனே இறங்கி வந்தார். "அதுக்கென்னம்மா, வா" என்று அந்தச் சூடு ஜாக்கெட்டை அவளுக்கே போட்டுவிட்டார். மகளுக்காக மடித்த பேப்பர் என் கையிலேயே இருந்தது. வாசல் சாம்பலில் டயர் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர்கள் கிளம்பினார்கள். நான் என்ன செய்தேன்? பேப்பரை என் சட்டைக்குள் சொருகிக்கொண்டு வண்டியை உதைத்தேன்.

"நீங்க எங்க போறீங்க?" என்றாள் மனைவி.

"பால் வாங்க."

"பால் வந்தாச்சே?"

பதில் சொல்ல நான் அங்கே இல்லை.

அகரம்தென் தாண்டுவதற்குள் விரல் மரத்துவிட்டது. ஏரிப் பனி ஒரு பக்கம், போகிப் புகை ஒரு பக்கம். கண்ணில் எரிச்சல், தொண்டையில் கரகரப்பு. ஏரிக்கரையில் ஒரு வண்டி ஓரமாக நின்று இண்டிகேட்டரை மினுக்கிக்கொண்டிருந்தது. ஜெபசிங்! பின்னால் ஹரிணி.

"அப்பா! நீ எங்க இங்க?"

பால் கதையை அவளிடம் சொல்லவில்லை.

"அண்ணா, நல்லவேளை வந்தீங்க" என்றார் ஜெபசிங். "மேடவாக்கம் ஜாம்னு மேப் இந்த வழி காட்டுச்சு. எனக்கு இந்த ரோடு பழக்கமே இல்ல. நாலு லைட்டும் போட்டா, புகையில பட்டு என் கண்ணுலயே அடிக்குது. அணைச்சா ஒண்ணுமே தெரியல."

உண்மைதான். அவருடைய லைட்டுக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பி நின்றது. என் வண்டியின் மங்கல் மஞ்சள் லைட்டோ அவ்வளவு தூரம் போகத் திராணியில்லாமல் தரையிலேயே விழுந்து கிடந்தது. அதில் ரோட்டோரத்து வெள்ளைக் கோடு தெரிந்தது. அது போதாதா? இதே ரோட்டில் வரும் மாம்பாக்கம் என் மாமனார் ஊர். கல்யாணமான நாளிலிருந்து போய் வருகிற வழி. எந்த வளைவில் மாடு படுக்கும் என்பது வரை அத்துப்படி.

"நீங்க முன்னாடி போங்கண்ணா. உங்க டெயில் லைட்டைப் புடிச்சிக்கிட்டே நான் வரேன்."

ஆஹா! புத்தாண்டிலிருந்து என் காது இதற்குத்தானே ஏங்கிக்கொண்டிருந்தது? 'என் வண்டியில ஏறிக்கோ' என்று மகளைக் கூப்பிட வாய் வரை வந்தது. ஆனால் ஜாக்கெட் ஒயர் அவர் வண்டியில் சொருகியிருந்தது. அவள் கதகதப்பாக இருந்தாள். பேசாமல் முன்னால் போனேன்.

இருபது கிலோமீட்டர் வேகம். ஸ்பீட் பிரேக்கர் வந்தால் இடது கையைத் தூக்குவேன், பின்னால் அவர் வேகம் குறைப்பார். பொன்மார் அருகே, ஸ்பீட் பிரேக்கர் இல்லாத இடத்தில்கூட இரண்டு முறை கையைத் தூக்கினேன். ஸ்பிட்டி வீரர் இரண்டு முறையும் பணிவாக பிரேக் பிடித்தார். அற்ப சந்தோஷம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

எட்டேகாலுக்குச் சிறுசேரி கேட். ஹரிணி உள்ளே ஓடினாள். ஜெபசிங் என் கையைப் பிடித்து, "தேங்க்ஸ்ண்ணா" என்று சொல்லிவிட்டுத் தன் ஆபீசுக்குப் போனார். நான் லீவு சொல்லிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தேன். மதியம் ஒரு மணிக்கு வெளியே வந்த ஹரிணியின் முகத்தில் வெளிச்சம் இருந்தது. "நல்லா பண்ணேன்ப்பா. மெயில் பண்றாங்களாம்."

திரும்பும்போது என் வண்டியில்தான். நல்ல வெயில். பாராட்டு வரும் வரும் என்று காத்திருந்தேன். தாழம்பூர் தாண்டியும் வரவில்லை. நானே ஆரம்பித்தேன். "காலைல பயந்துட்டியாம்மா?"

"மொதல்ல பயம்தான். அப்புறம் அங்கிள் பேசிக்கிட்டே வந்தாரு. ஸ்பிட்டில அவரு தனியா ஒண்ணும் ஓட்டலயாம். ஃபுல்லா ஒரு கைடு வண்டி பின்னாடியேதான் போனாராம். ஒரு எடத்துல பயந்து அழுதுட்டாராம். யார்கிட்டயும் சொன்னதில்ல, உன்கிட்டதான் சொல்றேன்னாரு."

"அப்புறம்?"

"'அன்னிக்கு முன்னாடி போனது யாரோ ஒருத்தர், அதான் அழுதேன். இன்னிக்கு முன்னாடி போறது உங்கப்பா. எனக்கே பயம் இல்ல, உனக்கென்ன? ரோட்டை அவர் பாத்துப்பாரு, நீ இன்டர்வியூவை மட்டும் யோசி'ன்னாரு. நானும் அதான் பண்ணேன்."

ஹாலில் அத்தனை பேர் முன்னால் சொல்லாததை, என் மகள் மட்டும் கேட்கும்படி சொல்லியிருக்கிறார். அவளுக்கு நடுக்கம் நிற்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால்? மைனஸ் பன்னிரண்டை மைனஸ் இருபதாக்கி வழி முழுக்க அளந்திருப்பேன்.

நேற்று மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. முதல் ஸ்வீட் பாக்ஸை எதிர் வீட்டுக்கு நானே எடுத்துப் போனேன்.

சரி, பொறாமை தீர்ந்ததா என்று கேட்பீர்கள். எங்கே? இரண்டு மடங்காகிவிட்டது.

பைக்கையும் ஜாக்கெட்டையும் பார்த்துப் பொறாமைப்பட்ட காலத்திலாவது, கடன் வாங்கியாவது ஒருநாள் வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை இருந்தது!