ஊறுகாய் ஜாடிப் பிராணிகள்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்கள் பள்ளியில் நான் சயன்ஸ் டீச்சராக இருந்தபோது எங்களிடம் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. பெண்பிள்ளைகளுக்கு அது எதற்கு, ராஜபாளையத்து ஆண்கள் பள்ளிக்குக் கொடுத்துவிடலாமே என்று இன்ஸ்பெக்டருக்கு எண்ணம். நேரில் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார். அவருக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே.

தெப்பக்குளத்து மூலையில் தேங்கிய பாசித் தண்ணீரை மொண்டு வந்து, கொஞ்சம் வைக்கோல் போட்டு, ஊறுகாய் ஜாடியில் ஊற வைத்தேன். நாற்றம் ஏற ஏற உள்ளே கண்ணுக்குத் தெரியாத பிராணிக் கூட்டமும் பெருகியது. படப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் அடையாளம் சொல்லப் பழகினார்கள். செருப்பு மாதிரி இருப்பது பாரமீசியம். தலையில் சக்கரம் சுழல்வது ரோட்டிஃபர். அமீபா மட்டும் கடைசிவரை அகப்படவில்லை. அதற்கு எங்கள் மேல் என்ன கோபமோ.

எங்கள் தலைமையாசிரியைக்குச் சுத்தம் என்றால் உயிர். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் வேப்பமரத்தைக்கூடக் கழுவச் சொல்வார். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று காலை என் ஜாடி பளபளவென்று வெயிலில் கவிழ்ந்து கிடந்தது.

“என்னக்கா இது?” என்றேன், பள்ளியைக் கூட்டிப் பெருக்குகிற அம்மாளிடம்.

“பெரிய டீச்சர்தான் கொட்டச் சொன்னாவ. இம்புட்டு நாத்தத்த வச்சுக்கிட்டு பெரிய மனுசரு முன்னால நிக்க முடியுமா? சாம்பல் போட்டுத் தேச்சிருக்கேன், மோந்து பாருங்க.”

மோந்து பார்த்தேன். அழுகைதான் வந்தது. குளத்துக்கு ஓட நேரமில்லை. வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டரைத் தலைமையாசிரியை வகுப்பு வகுப்பாக அழைத்துப்போன சமயம் பார்த்து தலைமையாசிரியையின் அறைக்குள் புகுந்தேன். மேசையில் பூச்சாடி. தினமும் புதுப் பூவைச் செருகுவார்களே தவிர, அடித்தண்ணீரை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. பூச்சாடியோடு தூக்கிவந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டு எடுத்தேன்.

லென்ஸுக்கு அடியில் தேரோட்டக் கூட்டம். குனிந்த இன்ஸ்பெக்டர் வெகுநேரம் நிமிரவில்லை. பிள்ளைகள் ஒன்றுவிடாமல் பெயர் சொன்னார்கள்.

“எந்தக் குளத்துத் தண்ணீர் இது?” என்று கேட்டார்.

என் பக்கத்தில் இருந்த பூச்சாடியைத் தலைமையாசிரியை பார்த்துவிட்டார். முகம் சுண்டிப்போயிற்று. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “என் மேசைப் பூச்சாடித் தண்ணிங்க. இதுக்குன்னே ஒரு மாசமா மாத்தாம வச்சிருக்கோம்” என்றார்.

“அப்படியானால் மைக்ராஸ்கோப் இங்கேதான் இருக்க வேண்டும்” என்றார் இன்ஸ்பெக்டர். என் ஜாடியைக் கொட்டவைத்த கோபமெல்லாம் போய், தலைமையாசிரியையை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.