எல்லம்மாவும் கர்னலம்மாவும்

மூன்றாவது பொத்தானுக்கு வரும்போதுதான் எல்லம்மாவின் நாக்கு வெளியே எட்டிப் பார்க்கும். முதல் இரண்டும் சுலபம். அம்மாவின் பழைய ரவிக்கையிலிருந்து வந்தவை. மூன்றாவது, அப்பாவின் மில் சட்டையிலிருந்து பிய்ந்து விழுந்த காக்கிப் பொத்தான். துளை சின்னது, பொத்தான் பெரிசு. கட்டைவிரலால் தள்ளி, ஆள்காட்டி விரலால் அந்தப் பக்கம் இழுத்து, பொத்தான் உள்ளே போனதும் நாக்கும் உள்ளே போய்விடும். பொம்மையின் கவுன் மாட்டியாயிற்று. உடனே அதைக் கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். காலையில் மட்டும் இப்படி நாலு தடவை நடக்கும்.

பெயரைக் கேட்டு யாரோ பெரிய வீட்டம்மாள் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லம்மாவுக்கு ஐந்து வயது நடக்கிறது. அதுவும் அவள் அம்மா சின்னத்தாயி சொல்லும் கணக்குதான். அல்சூர் ஏரி நிரம்பித் தெருவுக்கு வந்த மறுவாரம் பிறந்தாளாம். காகிதம் என்று ஒன்றும் கிடையாது. ஜோகுபாளையத்தில் ஒற்றை அறை வீடு. அப்பா பச்சைமுத்துவுக்கு மில்லில் ராத்திரி ஷிப்டு. பகலெல்லாம் அறையின் ஒரு பாதியில் குறட்டை விட்டுத் தூங்குவார். மறு பாதியில் எல்லம்மா குரலைத் தாழ்த்திக் குடித்தனம் நடத்துகிறாள்.

பொம்மையின் பிறப்பு கொஞ்சம் உயர்ந்த இடம். சின்னத்தாயி ஆயா வேலை பார்க்கும் வீட்டில், ரிட்டயரான கர்னல் ஒருவர் குதிகாலில் ஓட்டை விழுந்ததால் கழித்த கம்பளிக் காலுறை அது. பக்கத்து வீட்டு லட்சுமம்மா அதில் கந்தல் அடைத்து, கையும் காலும் காதும் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். ஜோடிக் காலுறையின் நுனி, குல்லா ஆயிற்று. எல்லம்மா அதை டோப்பி என்பாள். சாயங்காலமானால் அம்மா வந்து, கர்னலம்மா அதைச் சொன்னாள், இதைச் சொன்னாள் என்று அலுத்துக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு, பொம்மைக்கும் கர்னலம்மா என்றே பெயர் வைத்துவிட்டாள். ஊரில் ஒரு கர்னலம்மாவாவது சொன்ன பேச்சைக் கேட்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

கர்னலம்மாவுக்குக் குளியல் கன்னடத்தில் நடக்கும், ஏனென்றால் எல்லம்மாவைக் குளிப்பாட்டுவது லட்சுமம்மா. "நீரு பிசி இதெ, கண்ணு முச்சு" என்று வெந்நீருக்குக் கண்ணை மூடச் சொல்வாள். சாப்பாடு கர்னல் வீட்டு இங்கிலீஷில்: "ஓப்பன் மவுத்து, குட் கேர்ள்." அதட்டல் கரிக்கடை பாயிடம் கற்றது, "சுப் பைட்டோ" என்றால் கர்னலம்மா சத்தம் போடாமல் உட்கார்ந்துவிடுவாள். தூங்க வைப்பது மட்டும் தமிழில். கஞ்சியைச் சொம்பிலிருந்து புட்டி மூடியில் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுவாள். சிந்தினால் அப்பா படுத்திருக்கும் பாய் நனையும், பாய் நனைந்தால் அப்பா எழுந்துவிடுவார். வாய் வாயாக எண்ணித்தான் ஊட்டுவாள். ஏழுக்கு அப்புறம் ஒன்பது. எட்டின் மேல் அவளுக்கு என்ன கோபமோ தெரியவில்லை.

1958 ஜூனில் இந்தக் குடித்தனத்துக்கு ஆபத்து வந்தது. லட்சுமம்மா கோலாரில் இருக்கும் மகனோடு நிரந்தரமாகப் போய் இருக்கக் கிளம்பிவிட்டாள். பகலில் பெண்ணைப் பார்த்துக்கொள்ள இனி ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தாக வேண்டும், இல்லையென்றால் சின்னத்தாயி வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் அடுப்பு எரிவது அரை நாள்தான். பிறந்த தேதிக்குக் காகிதம் இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரே பரீட்சை: வலது கை தலையைச் சுற்றிப் போய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா.

சின்னத்தாயி தினமும் பழக்கிப் பார்த்தாள். எல்லம்மா தனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பரீட்சைக்குக் கர்னலம்மாவைத் தயார் செய்தாள். கை எட்டவில்லை. கையை இழுத்தாள், தையல் விட்டது. தலையைச் சாய்த்துப் பார்த்தாள், பாதி வழி வந்தது. கடைசியில் டோப்பியைக் கழற்றி வீசினாள். கை போய்க் காதில் உட்கார்ந்தது. "அவ்வளவுதான்டி. இதுக்கா அழுத?" என்று பொம்மையைத் தட்டிக் கொடுத்தாள். யாரும் அழுததாகத் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் போகிற நாளில் சின்னத்தாயி விடிவதற்கு முன்பே எழுந்தாள். மகளின் முடியை எல்லாம் உச்சிக்கு ஏற்றிச் சீவி, சவுரி வைத்துக் கொண்டை போட்டு, அதைச் சுற்றி இரண்டு முழம் கனகாம்பரமும் மல்லிகையும் வளைத்து, நடுவில் சிவப்பு ரிப்பன் கட்டினாள். பெரிய டீச்சர் பார்த்ததும் அசந்து போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. தலைக்கு மேலே இன்னொரு தலை போல நின்றது அலங்காரம்.

சேர்க்கைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவர் யூனிஸ் டீச்சர். எல்லம்மா கையைத் தூக்கினாள். கை பூக்குன்றின் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்குவதற்குள் தீர்ந்துபோயிற்று. காதுக்கும் விரலுக்கும் நடுவே நாலு விரல் தூரம். தலையைச் சாய்த்தாள்.

"தலைய நேரா வெச்சுக்கோ, கண்ணு" என்றார் டீச்சர்.

நேராக வைத்தாள். எட்டவில்லை. டீச்சர் பேனாவை மூடப் போனார். சின்னத்தாயி அவசர அவசரமாக ஏரி நிரம்பிய கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். எல்லம்மா மட்டும் பதறவில்லை.

"இரு டீச்சர், டோப்பி கழட்டல" என்றாள்.

ரிப்பனை உருவினாள். பூவைப் பிய்த்து அம்மா கையில் கொடுத்தாள். சவுரியை இழுத்து மேஜை மேல், புத்தகத்துக்குப் பக்கத்திலேயே வைத்தாள். விடியலிலிருந்து அம்மா கட்டியதெல்லாம் ஒரு நிமிஷத்தில் சரிந்தது. வலது கை மறுபடி மேலே போயிற்று, கொண்டை போன தலையோடு ஒட்டி வளைந்து, இடது காதைப் பிடித்தது.

யூனிஸ் டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார். பெயர், அப்பா பெயர், தெரு. கையை இறக்கலாம் என்று சொன்னார். எல்லம்மா இறக்கவில்லை. டீச்சர் கடைசி எழுத்தின் மேல் ஒற்றுத்தாளை அழுத்தி, புத்தகத்தை மூடி, அடுத்த பிள்ளையைக் கூப்பிடும் வரை, தலைவிரி கோலமாகக் காதைப் பிடித்தபடியே நின்றாள்.